48 மணி 2 நிமிடம் 35 நொடி

கென்யாவைச் சேர்ந்த எலியுட் கிப்சோகே தன் முதல் மாரத்தானை 2013 ஏப்ரல் 21 அன்று ஹாம்பர்க் நகரத்தில் ஓடினார். 2025 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் 24-ஆவது முறையாகத் தொடக்கக் கோட்டில் நின்றார். இடையில் பன்னிரண்டரை ஆண்டுகள். அவர் ஓடி முடித்த 23 பந்தயங்களின் நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மளிகைக் கடைப் பேரேட்டைக் கூட்டுவதுபோல் கூட்டிப் பார்த்தேன். 48 மணி 2 நிமிடம் 35 நொடி வந்தது. சந்தேகம் தீராமல் கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினேன். அதே தொகைதான்.

மாரத்தான் வரலாற்றில் பெரிய பெயர் வாங்கிய ஒருவர் ஊரறிய உழைத்த நேரம் முழுசாக இரண்டு நாள். அலுவலகக் கணக்கில் சொன்னால், திங்கள் காலை மேசையில் உட்கார்ந்தவர் சனி மாலை எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஐ.பி.எல். அணி ஒன்று இரண்டே மாதத்தில் 14 லீக் ஆட்டம் ஆடிவிடுகிறது. இவருக்கு ஆண்டுக்கு இரண்டு நாள்தான் வேலை, அதிலும் ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம்தான்.

அந்த 23 நேரங்களின் சராசரி 2:05:20, அதாவது 2 மணி 5 நிமிடம் 20 நொடி. மிக நல்ல நேரம் 2022 செப்டம்பர் 25-இல் பெர்லினில் ஓடிய 2:01:09. அன்று அது உலக சாதனை. 42.195 கிலோமீட்டருக்கு அந்த நேரத்தைப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 நொடி. மணிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். இப்படிச் சொன்னால் உறைக்காது. பக்கத்தில் 400 மீட்டர் தடம் உள்ள பள்ளி மைதானம் இருந்தால் ஒரு சுற்றை 69 நொடியில் ஓடிப் பாருங்கள். முடிந்துவிட்டால், அதே வேகத்தில் நிற்காமல் இன்னும் 104 சுற்று பாக்கி இருக்கிறது.

24 பந்தயங்களில் 16 வெற்றி. இந்த 24-ஐச் சரிபாதியாக மடித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. 2013 ஹாம்பர்க் முதல் 2019 லண்டன் வரையிலான முதல் 12 பந்தயங்களில் 11 வெற்றி. தோற்றது ஒன்றே ஒன்று: 2013 பெர்லின். அன்று கிப்சோகே 2:04:05-இல் இரண்டாவதாக வந்தார். அவரை முந்திய வில்சன் கிப்சாங் 2:03:23 ஓடி உலக சாதனை படைத்தார். கிப்சோகேயை வெல்ல உலக சாதனைதான் தேவைப்பட்டது. 2020 லண்டன் முதல் 2025 நியூயார்க் வரையிலான பின் 12-இல் 5 வெற்றி. ஒரு பந்தயத்தை முடிக்கவே இல்லை.

24-இல் பாதி, இரண்டே ஊர்களில் ஓடியவை. பெர்லினில் 6 முறை ஓடி 5 வெற்றி, லண்டனில் 6 முறை ஓடி 4 வெற்றி. பெர்லின் பந்தயப் பாதை கடல் மட்டத்திலிருந்து 37 மீட்டருக்குக் கீழே இறங்காது, 53 மீட்டருக்கு மேலே ஏறாது. செப்டம்பர் காலைக் குளிர் வேறு. அவருடைய ஆறு பெர்லின் நேரங்களின் சராசரி 2:02:51. அவர் ஓடிய இன்னொரு பாதை பாஸ்டன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்தத்தில் இறக்கம் அதிகம் என்பதாலும், இரண்டு முனைகளும் வெகுதூரம் விலகி இருப்பதாலும் அங்கே ஓடும் நேரம் உலக சாதனைக்குச் செல்லாது. ஆனால் காலை முறிப்பது இறக்கம் அல்ல, 30 கிலோமீட்டரை ஒட்டி வரும் நியூட்டன் மேடுகள். 2023 ஏப்ரல் 17-இல் அந்த மேடுகளில்தான் கிப்சோகே பின்தங்கினார்; ஆறாம் இடம், 2:09:23. அதுவரை அவர் ஓடிய மாரத்தான்களில் அதுதான் மிக மெதுவானது. ஐந்து மாதம் கழித்து பெர்லினுக்கே திரும்பிப் போய் 2:02:42-இல் வென்றார். தட்டையான தரையில் அவர் அரசர், மேட்டில் எல்லாரையும்போல் ஒருவர் என்றே இந்தப் பேரேட்டிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

சாலைக்கு வருமுன் அவருக்குத் தடகளத்தில் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. நந்தி மாவட்டத்தில் கப்சிசிய்வா என்ற ஊரில் 1984 நவம்பர் 5-இல் பிறந்தவர். அம்மா ஆசிரியை, நான்கு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்தில் பால் வாங்கி சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தையில் விற்றார். 16 வயதில், அதே பகுதிக்காரரும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வென்றவருமான பேட்ரிக் சாங்கிடம் பயிற்சி கேட்டுப் போனார். சாங் சில நாள்களுக்கு ஓட வேண்டியதைச் சொல்லி அனுப்பினார். பையன் அதை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று திரும்பி வந்து நின்றான். அன்று வந்தவர் இன்றுவரை பயிற்சியாளரை மாற்றவில்லை.

2003 பாரிஸ் உலகப் போட்டி, 5,000 மீட்டர். 18 வயதுக் கிப்சோகே 12:52.79, ஹிஷாம் எல் குரூஜ் 12:52.83, கெனனிசா பெக்கலே 12:53.12. நூற்றில் நான்கு பங்கு நொடியில் தங்கம். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு 27 வயது. பேரேட்டில் அது நட்டக் கணக்கு. அந்த நட்டம் இல்லையென்றால் சாலைக்கு எப்போது வந்திருப்பாரோ!

பற்று

48 மணி நேரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதுவது? முதல் இனம் கிலோமீட்டர்.

எல்டோரெட் நகரத்துக்கு அருகே காப்டகாட். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. முகாமில் திங்கள் முதல் சனி வரை தங்கல், வார இறுதிக்கு மனைவி பிள்ளைகளிடம். செவ்வாய் தடகளப் பாதையில் வேக ஓட்டம். வியாழன் 30 அல்லது 40 கிலோமீட்டர் நீள ஓட்டம். சனி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் ஃபார்ட்லெக். மற்ற நாள்களில் காலை ஒன்று, மாலை ஒன்று. வாரத்துக்கு 200 முதல் 220 கிலோமீட்டர் ஆகிறது. எல்லாவற்றையும் கையால் நோட்டில் எழுதி வைக்கிறார். கழிப்பறை கழுவும் முறை வந்தால், ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் என்று பார்க்காமல் அவரும்தான் கழுவுகிறார்.

ஒரு மாரத்தானுக்கு 16 வாரத் தயாரிப்பு, வாரத்துக்கு 200 கிலோமீட்டர் என்று குறைத்தே வைப்போம். 3,200 கிலோமீட்டர் வருகிறது. 24 மாரத்தானுக்கு 76,800. பூமியைச் சுற்றி நிலநடுக்கோட்டின் நீளம் 40,075 கிலோமீட்டர். இரண்டு சுற்றுக்கு இன்னும் 3,350 கிலோமீட்டர் குறைகிறது. அதாவது, ஏறக்குறைய இன்னொரு மாரத்தானுக்கான தயாரிப்பு! பந்தயத்தில் ஓடிய மொத்த தூரமோ, பாரிஸில் பாதியில் நின்றதையும் சேர்த்து, 1,000 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. பந்தயத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்னால் யாரும் பார்க்காத 77 கிலோமீட்டர் கிடக்கிறது, செம்மண் புழுதியில்.

இவ்வளவுக்கும் தீனி வேண்டுமே. ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 55 கிலோ ஆள் ஒருவர் வாரம் 200 கிலோமீட்டர் ஓடினால் ஓட்டத்துக்கு மட்டும் 11,000 கிலோகலோரி. அதை ஈடுகட்டுவது பெரும்பாலும் உகாலிதான், நம் களியைப்போலக் கிண்டும் மக்காச்சோள மாவு. கூட கீரை, பீன்ஸ், சர்க்கரை தூக்கலாகப் போட்ட பால் தேநீர். இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. அளவும் நேரமும் தவறாமல் பன்னிரண்டரை ஆண்டு அதையே சாப்பிட்டதுதான் அதிசயம்.

இரண்டாவது இனம் காத்திருப்பு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் ஒவ்வொரு நாளும், ஆண்டின் 365 நாளும், காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் 60 நிமிடத்தைக் குறித்துக்கொடுத்து, சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். அதிகாரி முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டுவார். ஓராண்டுக்குள் மூன்று முறை ஆளைக் காணவில்லை என்றாலோ விவரம் தரத் தவறினாலோ தடை வரும். நான் மேலே சொன்ன வில்சன் கிப்சாங்குக்கு, கிப்சோகேயைத் தோற்கடித்த அதே ஆளுக்கு, 2020-இல் நான்கு ஆண்டுத் தடை விழுந்தது. இருப்பிட விதிகளை மீறியது, விசாரணையில் பொய்ச் சான்று காட்டியது ஆகியவைதான் காரணம். ஊக்கமருந்து எதுவும் அவர் உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டதாக அந்த வழக்கில் இல்லை.

நாளைக்கு ஒரு மணி என்றால் ஆண்டுக்கு 365 மணி. பன்னிரண்டு ஆண்டுக்கு 4,380 மணி. ஓடியது 48 மணி. கதவு தட்டப்படலாம் என்று குறித்த இடத்தில் இருந்தது 4,380 மணி. கிப்சோகே எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆனால் அவருடைய நாட்டில் சிக்கியவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனதால், 2022 கடைசியில் கென்ய அரசு ஊக்கமருந்துத் தடுப்புக்கு ஐந்து ஆண்டுகளில் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்குவதாக உறுதி கொடுக்க வேண்டிவந்தது. மற்றவர் செய்த தவறுக்கு நேர்மையானவரும் தினம் ஒரு மணி நேரம் கட்டுகிறார்.

வரவு

பணத்துக்கு வருவோம். பெரிய பந்தயங்களில் மூன்று வகைப் பணம் உண்டு. இடத்துக்கான பரிசு, நேரத்துக்கான ஊக்கத்தொகை, வந்து ஓடுவதற்கே தரப்படும் பங்கேற்புத் தொகை. முதல் இரண்டும் அச்சிட்ட பட்டியலில் இருக்கும். மூன்றாவது மேலாளருக்கும் அமைப்பாளருக்கும் இடையிலான ரகசியம். காலணி நிறுவன ஒப்பந்தமும் அப்படியே. கிப்சோகே அளவுக்குப் பெயர் உள்ளவருக்கு உண்மையான வருமானம் இந்த மூடிய பக்கத்தில்தான். பேரேட்டில் திறந்த பக்கத்தை மட்டும் படிக்கிறேன்.

2014 அக்டோபர் 12, சிகாகோ. கிப்சோகே 2:04:11-இல் முதலிடம், பரிசு 1,00,000 டாலர். அமெரிக்காவில் வெளிநாட்டு வீரரின் பரிசுப் பணத்தில் பொதுவாக 30 விழுக்காடு வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். மேலாளருக்கு 15 விழுக்காடு என்பது இந்தத் தொழிலின் வழக்கம். முதல் இனத்துக்கு 30,000, இரண்டாவதற்கு 15,000 என்று கழித்தால் மிச்சம் 55,000. அன்றைய மதிப்பில் டாலருக்குச் சுமார் 61 ரூபாய் வைத்தால் 33 லட்சத்து 55 ஆயிரம். பந்தயமும் பயிற்சியும் சேர்ந்து 3,242 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1,035 ரூபாய். இது என் கணக்கு, அவர் கணக்குப்பிள்ளையின் கணக்கு அல்ல. ஊக்கமருந்துச் சோதனை முடிவு வரும்வரை அந்தப் பணமும் கைக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலிடத்துக்கு இது. ஆறாம் இடத்துக்கு? லண்டனில் முதல் பரிசு 55,000 டாலர், இரண்டாம் பரிசு 30,000, மூன்றாம் பரிசு 22,500. ஆறாம் இடத்தில் அது 7,500. பன்னிரண்டாம் இடத்தில் 1,000. 2025 ஏப்ரல் 27-இல் கிப்சோகே அங்கே 2:05:25-இல் ஆறாவதாக வந்தார். அவருக்குப் பங்கேற்புத் தொகை தனியே இருந்திருக்கும். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயர் இல்லாத ஒரு கென்ய இளைஞர் அதே ஆறாம் இடத்துக்கு வந்தால் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். பிரிட்டிஷ் வரி 20 விழுக்காடு, 1,500. மேலாளருக்கு 1,125. மிச்சம் 4,875 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வீதம் நான்கு லட்சத்துச் சொச்சம். அதே 3,242 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 128 ரூபாய். பன்னிரண்டாம் இடத்துக்காரருக்குக் கையில் 650 டாலர். கிலோமீட்டருக்கு 17 ரூபாய். சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ மீட்டர் கட்டணமே கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு வர எந்த ஆட்டோக்காரர் சம்மதித்தார் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும்.

இந்தப் பன்னிரண்டாமவர் ஊரில் சும்மா திரியும் ஆள் அல்ல. உலகின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றில் பன்னிரண்டாவது. சாலை ஓட்டம் ஒரு தொழில் என்றால், அது முதல் மூன்று இடத்துக்குத்தான் தொழில்; கீழே உள்ளவர்களுக்கு லாட்டரிச் சீட்டு. இதைச் சொல்லாமல் கிப்சோகேயின் வெற்றிகளை மட்டும் எழுதுவது பாதிப் பேரேட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

ஒலிம்பிக்கின் கணக்கு வேறு மாதிரி. 2016 ரியோவில் 2:08:44-இல் தங்கம். 2021 ஆகஸ்ட் 8, டோக்கியோ ஒலிம்பிக்குக்காகச் சப்போரோவில் 2:08:38-இல் மீண்டும் தங்கம். இரண்டாவதாக வந்தவர் 80 நொடி பின்னால். சர்வதேச ஒலிம்பிக் குழு தங்கத்துக்குத் தரும் பரிசுப் பணம் பூஜ்யம். பதக்கத்தின் பலன் அடுத்த ஒப்பந்தத்தில்தான் வந்து சேரும். பெரிய நகர மாரத்தான்களின் தொடர்ப் பட்டத்துக்கு 5,00,000 டாலர் கொடுத்துவந்தார்கள். 2017-இல் அதைப் பாதியாக்கி, மீதியில் ஒரு பங்கை அறக்கொடைக்குத் திருப்பினார்கள்.

2018 செப்டம்பர் 16, பெர்லின். முந்தைய உலக சாதனை டென்னிஸ் கிமெட்டோவின் 2:02:57. கிப்சோகே 2:01:39. ஒரே மூச்சில் 78 நொடி குறைந்தது. 1967-க்குப் பிறகு ஒரே தடவையில் இவ்வளவு குறைந்ததில்லை. வேகம் காட்டி முன்னே ஓடும் பேஸ்மேக்கர்களில் கடைசி ஆள் 25 கிலோமீட்டரில் ஒதுங்கிவிட்டார். மீதி 17 கிலோமீட்டரும் தனி ஆள். முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. துணை இல்லாத பாதிதான் வேகமானது. சாதனைக்கு ஊக்கத்தொகை 50,000 யூரோ. 78 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 641 யூரோ. அவர் ஓடிய எல்லாப் பந்தயங்களிலும் எனக்குப் பிடித்தது இதுதான்; வியன்னா அல்ல.

வியன்னாவைப் பேரேட்டில் சேர்க்கவில்லை. 2019 அக்டோபர் 12-இல் பிராட்டர் பூங்காவின் நேர்ச்சாலையில் ஓடிய 1:59:40-ஐ உலகமே பார்த்தது. 41 பேஸ்மேக்கர்கள் முறை வைத்து மாறி மாறிக் காற்றை மறைத்தார்கள். முன்னே போன கார் தரையில் ஒளிக்கோடு போட்டு வழிகாட்டியது. சைக்கிளில் வந்தவர்கள் பானத்தைக் கையில் கொடுத்தார்கள். அதனால் அது சாதனையாகப் பதிவாகவில்லை. கிலோமீட்டர் ஒவ்வொன்றும் 2 நிமிடம் 48 நொடிக்கும் 52 நொடிக்கும் இடையில் விழுந்திருக்கிறது, கடிகாரக் கடைக்காரர் சரிபார்த்ததுபோல. இரண்டரை ஆண்டு முன்பு இத்தாலியின் மொன்சா கார்ப் பந்தயத் தளத்தில் இதே முயற்சியில் 2:00:25 வந்தது. 25 நொடி அதிகமாக இருந்தது 20 நொடி குறைவாக மாற இரண்டரை ஆண்டு. இரண்டையும் சேர்த்தால் இன்னொரு 4 மணி 5 நொடி; விளம்பரக் கணக்கில் வையுங்கள், தவறில்லை.

இன்னொரு சின்ன வரவு, நம் பக்கத்தில். 2016 நவம்பர் 20-இல் தில்லி அரை மாரத்தானுக்கு வந்து 59:44-இல் வென்றுவிட்டுப் போனார். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாம் ஏ.டி.எம். வரிசையில் நின்றுகொண்டிருந்த வாரம் அது.

காலணியைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 பெர்லினில் அவருடைய காலணியின் உள்தட்டுகள் நழுவி வெளியே வந்து, கணுக்காலில் இறக்கைபோல் அடித்துக்கொண்டிருக்க, அப்படியே 2:04:00 ஓடி வென்றார். 2017-இல் கார்பன் தகடு பொதிந்த நைக்கி வேப்பர்ஃபிளை 250 டாலருக்குக் கடைக்கு வந்தது. 18 ஓட்டக்காரர்களை வைத்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில் ஆற்றல் செலவு சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது. 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தகடு ஒன்றுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. 2023-இல் அடிடாஸ் 138 கிராம் எடையில், 500 டாலர் விலையில் ஒரு காலணியை 521 ஜோடி மட்டும் வெளியிட்டது. அதைப் போட்டுக்கொண்டு எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா பெர்லினில் பெண்கள் உலக சாதனையை 2:11:53-க்கு இறக்கினார். கிப்சோகே 2:04:00-இலிருந்து 2:01:09-க்கு வந்தது 171 நொடி, 2.3 விழுக்காடு. அதில் கால் எவ்வளவு, காலணி எவ்வளவு என்று பிரித்து எழுத எந்தக் கணக்கராலும் முடியாது.

தேய்மானம்

இயந்திரம் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்து எழுதுவார். கிப்சோகேயின் முதல் 12 பந்தயங்களின் சராசரி நேரம் 2:04:17. 2024, 2025 ஆண்டுகளில் அவர் ஓடி முடித்தவை நான்கு: டோக்கியோவில் 2:06:50, பத்தாம் இடம், லண்டனில் ஆறாம் இடம், சிட்னியில் 2:08:31, ஒன்பதாம் இடம், நியூயார்க். நான்கின் சராசரி 2:08:50. நான்கரை நிமிடம் தேய்ந்திருக்கிறது. கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஆறரை நொடிதான். ஆறரை நொடி என்பது ஒருவர் குனிந்து செருப்பு மாட்டும் நேரம். அதுதான் முதல் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள தூரம்.

இந்த நான்கில் சேராதது 2024 ஆகஸ்ட் 10, பாரிஸ் ஒலிம்பிக். 39 வயதில் மூன்றாவது தங்கத்துக்கு வந்தவர் மேடுகளில் பின்னுக்குப் போய்ப் போய், 31 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிட்டார். காலணியையும் எண் அட்டையையும் சாலையோரம் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டார். 24 வரியில் நேரம் எழுதப்படாமல் வெறுமையாக இருக்கும் வரி அது ஒன்றுதான்.

தேய்மானம் எழுதக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. கெல்வின் கிப்டம், அதே கென்யா, அதே மலைப்பகுதி. வாரத்துக்கு 250, 280 கிலோமீட்டர், சில வாரம் 300 என்று அவருடைய பயிற்சியாளர் சொன்னார். 2022 டிசம்பரில் வலென்சியாவில் 2:01:53. 2023 ஏப்ரலில் லண்டனில் 2:01:25. 2023 அக்டோபர் 8-இல் சிகாகோவில் 2:00:35. மூன்று மாரத்தான், மூன்றும் வெற்றி, மூன்றாவது உலக சாதனை. கிப்சோகேயின் சாதனையை 34 நொடி கீழே இறக்கியது. அடுத்த ஏப்ரலில் ராட்டர்டாமில் இரண்டு மணி நேரத்தை உடைக்கப் பார்ப்பதாக இருந்தது. 2024 பிப்ரவரி 11 இரவு காப்டகாட் அருகே காரில் போகும்போது விபத்து. அவரும் பயிற்சியாளர் ஜெர்வே ஹகிசிமானாவும் இறந்துபோனார்கள். கிப்டமுக்கு 24 வயது. அவருடைய பேரேட்டைக் கூட்ட ஒரு நிமிடம் போதும்: 6 மணி 3 நிமிடம் 53 நொடி.

கிப்சோகேயின் இந்தக் கணக்கில் கடைசி வரி நியூயார்க். ஐந்து பாலங்கள், மூச்சு வாங்கும் ஏற்றங்கள், அவருக்குச் சற்றும் ஒத்துவராத பாதை. 41-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு ஓடினார். 2:14:36, அவர் ஓடி முடித்தவற்றில் மிக மெதுவானது. இதோடு ஏழு பெரிய நகர மாரத்தான்களையும் ஓடி முடித்தவர் ஆனார். இடம் 17. நியூயார்க்கில் பரிசுப் பணம் முதல் பத்துப் பேருக்கு மட்டும்; அந்த வரியில் பரிசு வரவு பூஜ்யம்.